அரையாண்டு லீவுக்குள் ஒட்டுத்துணிப் பை தைக்க முடியுமா?

தங்கச்சிமடத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். வீட்டில் ஒரு பழைய கால் மெஷினும் ஒரு மூட்டை பிட்டுத் துணியும் இருக்கின்றன. அரையாண்டு லீவில் குடும்பத்தோடு வேளாங்கண்ணி போகிறார்கள், அதற்குள் பேட்ச்வொர்க்கில் ஒரு பெரிய கைப்பை தைக்க ஆசை. 'க்வில்ட் அஸ் யூ கோ' என்று ஒரு முறையை வீடியோவில் பார்த்திருக்கிறார். ஆனால் நடுவில் வைக்கும் பஞ்சு ஷீட் பக்கத்தில் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. இந்த முறையை எடுத்த எடுப்பில் பையிலேயே முயலலாமா, இல்லை தலையணை உறை மாதிரி எதிலாவது பழகிவிட்டு வரணுமா என்பது கேள்வி. இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். முறையைப் பற்றிக் கேட்கிற மாதிரி இருந்தாலும், இவ்வளவு பாடுபட்டுத் தைத்த பை பஸ் ஸ்டாண்டில் காது அறுந்து விழுந்துவிடக் கூடாதே என்ற பயம்தான் கேள்விக்குள் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. நியாயமான பயம். எனக்கு அப்படி விழுந்திருக்கிறது.

நான் ராமேஸ்வரத்துக்கு முன்னால் இருக்கிற மண்டபம் ஊர்ப் பக்கம் இருபது வருஷத்துக்கு மேல் தையல் கடையும், மாலையில் பிள்ளைகளுக்கு வகுப்பும் நடத்துகிறவள். அரசுத் தையல் தேர்வான நீடில் ஒர்க் லோயர், ஹையர் இரண்டும் முடித்திருக்கிறேன். அதில் ஒட்டுத்துணி வேலை என்றால் கிழிசலுக்கு ஒட்டுப் போடுவதுதான் பாடம், அழகுக்காக ஒட்டுவது நானாகப் பழகியது. ரவிக்கை, சுடிதார் பற்றி என்ன கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஒட்டுத்துணிப் பை இதுவரை பதினைந்து, இருபதுதான் தைத்திருப்பேன். அதனால் எங்கே உறுதியாகச் சொல்கிறேன், எங்கே என் கைப்பழக்கத்தை வைத்து மட்டும் சொல்கிறேன் என்று பிரித்தே எழுதுகிறேன்.

என் முதல் பையை இரண்டு அங்குலச் சதுரங்களாக வெட்டி, சதுரங்கப் பலகை போலக் கோத்துத் தைத்தேன். பாதிச் சதுரங்கள் அம்மாவின் பழைய பட்டுச்சேலை. பார்க்கிறவர்கள் எல்லாம் விலை கேட்டார்கள். மதுரை மாட்டுத்தாவணியில் இறங்கும்போது ஒரு பக்கக் காது கழன்றது. காதுப் பட்டையின் தையல் அப்படியே இருந்தது, அது தைக்கப்பட்ட பட்டுத்துணிதான் பட்டையோடு கிழிந்து வந்துவிட்டது. அன்று வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தபோதுதான் ஒன்று புரிந்தது. மேலே தெரியும் ஒட்டுத்துணியின் தலையில் நான் நாலைந்து கிலோவைத் தொங்க விட்டிருக்கிறேன். அந்தக் கனம் உள்ளே இருக்கும் முரட்டுத் துணிக்குப் போயிருக்க வேண்டும். அன்றிலிருந்து எந்த முறையைப் பார்த்தாலும் கனம் எந்தத் துணியில் இறங்குகிறது என்றுதான் முதலில் பார்ப்பேன்.

அப்படிப் பார்த்தால் நீங்கள் வீடியோவில் கண்ட முறை பைக்கு மிகவும் பொருந்தும். இதை உறுதியாகவே சொல்கிறேன். மற்ற முறைகளில் துண்டுகளை ஒன்றோடொன்று தைத்து ஒரு முழு விரிப்பாக்கி, அப்புறம் பஞ்சும் அடித்துணியும் வைத்து மறுபடி மேலே தைப்பார்கள். இதில் இரண்டும் ஒரே வேலை. கீழே காடாத் துணி, அதன்மேல் பஞ்சு அடுக்கு, நடுவில் முதல் பட்டி, அதாவது நீளமாக வெட்டிய பிட்டுத் துணி, நல்ல பக்கம் மேலே தெரியும்படி. இரண்டாவது பட்டியை முதல் பட்டியின் மேல் கவிழ்த்துப் போட்டு, ஓரங்களைச் சேர்த்து, கால் அங்குலம் உள்ளே ஒரு நேர்த்தையல், மூன்று அடுக்கையும் பிடிக்கும்படி. பிறகு பட்டியைத் திருப்பி விரித்து அழுத்திவிட்டு அடுத்த பட்டி. நடுவிலிருந்து இரண்டு பக்கமும் இப்படியே போக வேண்டும். ஒவ்வொரு தையலும் காடா வரை இறங்குவதால் மேலே இருக்கும் துணி மெலிசாக இருந்தாலும் பிழைத்துக்கொள்ளும்.

பட்டிகளாகவே ஒட்டுங்கள், சதுர ஒட்டு வேண்டாம். அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. மூன்று அங்குலச் சதுரம் வேண்டுமானால் மூன்றரை அங்குலம் வெட்ட வேண்டும், சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்குள் போய்விடும். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கைத்தான் ஒரு நூல் என்போம். தையல் அரை நூல் தள்ளி விழுந்தால் இரு துண்டிலும் சேர்த்து ஒரு நூல் குறையும். எட்டுத் தையலில் எட்டு நூல், அதாவது ஒரு முழு அங்குலம். நான்கு மூலை சேரும் இடத்தில் அந்த ஒரு அங்குலமும் உங்களைப் பார்த்துச் சிரிக்கும். நம் ஊரில் ரவிக்கை தைக்கிறவர்கள் பின்னால் பிரித்துவிட வசதியாக உள்ளே துணி நிறைய விட்டே பழகியவர்கள், கால் அங்குலத்தில் கை நிற்காது. பட்டிகளில் அந்தத் தொல்லை இல்லை. ஒரு பட்டி கொஞ்சம் அகலம், இன்னொன்று கொஞ்சம் ஒடுக்கம் என்றால் அது வேண்டுமென்றே செய்த அழகு என்று சொல்லிக்கொள்ளலாம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். கால் அங்குலத்துக்கு ஒரு வழி: ஊசி இறங்கும் இடத்திலிருந்து இரண்டு நூல் அளந்து, மெஷின் தட்டில் ஒரு டேப்பை ஒட்டிவிடுங்கள், துணியின் ஓரம் அதைத் தொட்டுக்கொண்டே போனால் போதும்.

அளவு கேட்கவில்லை, ஆனாலும் தருகிறேன். மூன்று நாள் போய்வர ஒருவருடைய துணிமணிக்கு, அகலம் 14, உயரம் 13, அடி 4 அங்குலம் போதும். இதற்கு முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் தனித்தனியாக 19-க்கு 16 அங்குலம் வேண்டும், அரை அங்குலத் தையல் உட்பட. ஆனால் காடாவையும் பஞ்சையும் 20-க்கு 17 ஆகவே வெட்டுங்கள். மேலே மேலே தைக்கும்போது துணி சுருங்கி உள்ளே வாங்கும், எவ்வளவு வாங்கும் என்பது பஞ்சின் கனத்தையும் உங்கள் தையலையும் பொறுத்தது. ஒட்டி முடித்தபின் சரியான அளவுக்கு நறுக்கிக்கொள்ளலாம். இரண்டு அங்குல அகலத்தில் 17 அங்குல நீளப் பட்டிகள் ஒரு பக்கத்துக்குச் சுமார் 14, இரண்டு பக்கத்துக்கும் 28 ஆகும். பட்டிகளை நெட்டுக்குத்தாகவே வையுங்கள். படுக்கை வசமாக வைத்தால் பையின் கனம் ஒவ்வொரு தையலையும் பிரித்து இழுக்கும், நெட்டுக்குத்தில் தையலின் நீளப் போக்கிலேயே இறங்கிவிடும். பக்கங்களையும் அடியையும் மூட்டிய பின் அடியின் இரு மூலையிலும் தையல் கோட்டிலிருந்து இரண்டிரண்டு அங்குலம் குறித்து, மூலையை முக்கோணமாக மடித்து நான்கு அங்குலத்துக்குக் குறுக்குத் தையல் போட்டால் பை தானாக உட்காரும்.

காதுக்கு வருவோம், இங்கே அவசரப்பட வேண்டாம். பேக் கடைகளில் விற்கும் நைலான் பட்டை ஒரு பக்கத்துக்கு ஒன்றரை மீட்டர், மொத்தம் மூன்று மீட்டர் வாங்குங்கள். அதை வாயோரத்தில் மட்டும் ஒட்டவைக்காமல், ஒட்டுத்துணிப் பக்கத்தின் மேலேயே அடி வரை இறக்கி, பட்டையின் இரு ஓரமும் நேராகத் தைத்துவிடுங்கள். அடித் தையலுக்குள் பட்டையின் நுனி போய்விட வேண்டும். வாயிலிருந்து ஒன்றரை அங்குலம் கீழே தையலை நிறுத்தி, அந்த இடத்தில் பெட்டி மாதிரி ஒரு தையல், பெட்டிக்குள் குறுக்கே ஒரு பெருக்கல் குறி. லைனிங் மூட்டுவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். இப்போது கனம் பட்டையிலிருந்து பட்டைக்கே போகிறது, ஒட்டுத்துணி சும்மா கூட வருகிறது. இப்படித் தைத்த பைகளில் ஒன்றுகூடக் காது அறுந்து என்னிடம் திரும்பி வரவில்லை.

இனி நீங்கள் தேடிக் கிடைக்காத பஞ்சு. இந்த இடத்தில்தான் நம் கடற்கரைக்கும் வீடியோக்காரர்களின் ஊருக்கும் வித்தியாசம். அவர்கள் பருத்திப் பஞ்சு நல்லது என்கிறார்கள், விரிப்புக்கு நல்லதுதான். நம் பக்கம் காற்றிலேயே உப்பு. துணியில் உப்பு ஏறினால் அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பருத்திப் பஞ்சு அந்த ஈரத்தை விடாது, அலமாரியில் வைத்தாலே பூஞ்சை வாடை வரும். பழைய துண்டை உள்ளே வைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். கனமாகும், ஒரு தடவை நனைந்தால் ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு நாளானாலும் காயாது. பேக் கடைகளில் போடுகிற ஸ்பாஞ்ச் ஷீட் பையை நிமிர்த்தி நிற்க வைக்கும், ஆனால் தண்ணீரைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். என் தீர்ப்பு: ஜவுளிக் கடைகளிலும் நடைபாதையிலும் விற்கிற மெலிசான ஃப்ளீஸ் போர்வை ஒன்று. அது பாலியெஸ்டர், சீக்கிரம் காயும், வெட்டினால் பிசிறாது, பழைய மெஷினிலும் நகரும். ஒரே ஒரு எச்சரிக்கை, சூடான அயர்ன் பட்டால் இளகிவிடும். அதனால் பட்டியைத் திருப்பியதும் அயர்ன் பண்ணாமல் கரண்டிக் காம்பால் தையல் ஓரத்தை நன்றாகத் தேய்த்துவிடுங்கள். நான் பழைய தோசைக் கரண்டி ஒன்றை இதற்கென்றே வைத்திருக்கிறேன்.

மூட்டையிலிருந்து எதை எடுப்பது என்பதில் கொஞ்சம் கடுமையாகவே இருங்கள். பருத்தியோடு பருத்தி மட்டும். பரமக்குடி கைத்தறிச் சேலை கிழிந்தது இருந்தால் அதைவிட நல்லது இல்லை. கைலித் துணியும் நல்லது, கட்டத்தைப் பார்த்தே நேராக வெட்டலாம். ஜார்ஜெட் வழுக்கும். பழைய பட்டு மடிப்பில் விட்டுப்போயிருக்கும், ஏற்கெனவே சொன்ன மாட்டுத்தாவணிக் கதைதான். ஜரிகைக் கரையைக் கை படாத இடத்தில் ஒரு பட்டியாக வைத்தால் அழகு, காது பக்கம் வேண்டாம். வெட்டும்போது பாவு, அதாவது நீளவாக்கு நூல், போகிற திசையிலேயே பட்டி எடுங்கள். கிராஸாக வெட்டியது இழுபட்டு அலை அலையாக நிற்கும். சந்தேகமாக இருந்தால் ஓரத்தில் ஒரு வெட்டு வெட்டிக் கையால் கிழியுங்கள், பருத்தி இழை பிடித்தே நேராகக் கிழியும்.

வெட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரு தடவை அலசிக் காயவைப்பது கட்டாயம். புதுத் துணி சுருங்கும், காடா இன்னும் அதிகமாகச் சுருங்கும். காடாவை அலசாமல் தைத்து, முதல் தடவை துவைத்ததும் பை சுருக்கம் விழுந்த பாகற்காய் மாதிரி வந்ததைப் பார்த்திருக்கிறேன். சாயம் போகிறதா என்று பார்க்க, துணியை நனைத்து ஒரு வெள்ளைத் துணியை அதன்மேல் வைத்து அழுத்திப் பாருங்கள். சுங்குடிச் சிவப்பும் கைலி நீலமும் சில நேரம் மூன்றாவது அலசலிலும் விடும், அவற்றை வெள்ளைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். மழை மாதம் என்பதால் வெயில் அடிக்கிற முதல் நாளிலேயே இந்த வேலையை முடித்துவிடுங்கள். தைக்க எத்தனை நாள் ஆகும் என்று கவலைப்படுகிறோம், காய எத்தனை நாள் ஆகும் என்பதை மறந்துவிடுகிறோம். நிறம் அடுக்குவதற்கு, பட்டிகளைத் தரையில் பரப்பி செல்போனில் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுங்கள். எது அழுத்தம், எது வெளுப்பு என்று அப்போதுதான் தெரியும். கண்ணுக்கு வேறு வேறாகத் தெரிந்த சிவப்பும் பச்சையும் படத்தில் ஒரே சாம்பலாக நிற்கும்.

கால் மெஷினைப் பற்றித் தயங்க வேண்டாம். மூன்று அடுக்கு என்றால் கீழ்த்துணியைப் பல் இழுக்கும், மேல்துணியை அழுத்துகால் பிடித்து நிறுத்தும், அதனால் மேல்துணி தள்ளிக்கொண்டே போய்க் கடைசியில் புடைக்கும். இதற்காகத்தான் வாக்கிங் ஃபுட் என்று தனியாக ஒன்று விற்கிறார்கள். பழைய கறுப்பு மெஷின்கள் பலவற்றில் அது மாட்டும், எல்லாவற்றிலும் இல்லை. வாங்குவதாக இருந்தால் உங்கள் அழுத்துகாலைக் கழற்றிக் கடைக்குக் கையில் கொண்டுபோய்ப் பொருத்திப் பாருங்கள். எனக்கு அது இல்லாமலே ஓடுகிறது. மெஷின் தலையில் அழுத்துகாலுக்கு நேர் மேலே ஒரு திருகு இருக்கும், அதை இரண்டு மூன்று சுற்றுத் தளர்த்தினால் அழுத்தம் குறையும். ஒரு பட்டியை மேலிருந்து கீழாகவும் அடுத்ததைக் கீழிருந்து மேலாகவும் தையுங்கள், இழுவை ஒரே பக்கம் சேராது. தையலைக் கொஞ்சம் நீளமாக, மூன்று மில்லிமீட்டர் அளவில் வையுங்கள். ஊசி 16-ம் நம்பர், பட்டை தைக்கும்போது 18. நூல் பாலியெஸ்டர். கனமான மூலைகளில் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். குண்டூசி குத்தி வைத்துவிட்டு மறந்துபோகாதீர்கள், நம் காற்றில் ஒரே வாரத்தில் துருக்கறை விழும், அது லேசில் போகாது. நான் பின்னால் பிரித்துவிடுகிற கச்சா தையல் போட்டுவிடுவேன், இல்லாவிட்டால் துணி காயப்போடும் கிளிப்.

ஜிப் வைப்பதானால் பித்தளை, இரும்பு வேண்டாம். பெரிய பிளாஸ்டிக் பல் உள்ளதாக வாங்குங்கள். மெலிசான சுருள் ஜிப்பில் வேளாங்கண்ணி மணல் புகுந்தால் ரன்னர் நகராது. லைனிங்குக்குப் புதுக் குடைத் துணி நல்லது, மணலை உதறினால் போய்விடும். ஓட்டைக் குடையை வெட்டி எடுக்கலாமே என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. வருஷக்கணக்கில் வெயில் தின்ற துணி அது, தைக்கும்போதே ஊசி போன வழியில் கிழிந்தது.

சரி, பழகிவிட்டு வரணுமா என்பதற்கு இப்போது பதில் சொல்லலாம். தலையணை உறை தைத்து நாளை வீணாக்க வேண்டாம். அதே பையின் வெளிப் பாக்கெட்டை முதலில் தையுங்கள். எட்டுக்கு ஒன்பது அங்குலம் காடா, ஃப்ளீஸ், ஐந்தாறு பட்டி. அது கோணினால் உள்பக்கப் பாக்கெட்டாக ஒளித்துவிடலாம், நேராக வந்தால் வெளியே வைக்கலாம். ஒரு மாலையில் முடிந்துவிடும். உங்கள் மெஷின் எங்கே முரண்டு பிடிக்கிறது என்று அதிலேயே தெரிந்துவிடும். மொத்தப் பையும் எனக்கு முதல் தடவை நான்கு நாள் பிடித்தது, அடுப்பையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு. உங்களுக்கு எத்தனை நாள் என்று நான் சொல்வது ஜோசியம்.

மெஷின் ஒத்துழைக்கவே இல்லை என்றால் இன்னொரு வழி இருக்கிறது, அதற்குப் பஞ்சே வேண்டாம். கர்நாடகத்தில் ஆப்பிரிக்க வழிவந்த சித்தி என்ற சமூகத்துப் பெண்கள் கவந்தி என்று ஒரு விரிப்புத் தைப்பார்கள். பழந்துணித் துண்டுகளை ஒரு பழைய சேலையின்மேல் வைத்து, ஓரத்தில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி நடு வரை கையால் ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டே வருவார்கள். மூலைகளில் மடித்த சிறு துணிப்பூக்களை வைப்பார்கள், அவை இல்லாமல் விரிப்பு முடியாது. நம் வீடுகளில் கைக்குழந்தைக்குப் பழைய வேட்டியை மடித்துத் தைத்துப் போடுவோமே, அதற்குச் சொந்தக்காரி மாதிரி. இந்த முறையில் நான் ஒரு பைதான் தைத்தேன். மெலிசு, மடக்கி வைக்கலாம், சீக்கிரம் காய்கிறது. ஆனால் நாள் அதிகம் பிடிக்கும், டிசம்பருக்குள் என்றால் நான் துணிய மாட்டேன். விரலில் மாட்டும் அங்குஸ்தான் இல்லாமல் மூன்று அடுக்கில் ஊசியைத் தள்ளினால் விரல் நுனி புண்ணாகிவிடும். கடலில் பாசி எடுக்கப் போகும் பெண்கள் பாறை கிழிக்காமல் இருக்க விரலில் துணிச் சுருள் சுற்றிக்கொள்வார்களே, அதே மாதிரி ஒரு பட்டியைச் சுற்றிக்கொண்டால் சமாளிக்கலாம்.

போய்வந்த பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கும். பையைத் திருப்பி மணலை உதறி, சோப்புப் போட்டு அலசுங்கள். அலசுவது எந்தத் தண்ணீரில் வேண்டுமானாலும் இருக்கட்டும், கடைசி முக்கல் மட்டும் நல்ல தண்ணீரில் இருக்க வேண்டும். நம் பக்கம் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்பு. அதிலேயே அலசி முடித்தால் கடல் உப்பைப் போக்கிவிட்டு போர் உப்பை ஏற்றிய கதைதான், மழைக்காலத்தில் பை மறுபடி பிசுபிசுக்கும். பிறகு உள்பக்கம் வெளியே இருக்கும்படி நிழலில் தொங்க விடுங்கள். குடிக்கிற தண்ணீரில் ஒரு குடத்தைப் பைக்கு ஊற்றினால் வீட்டில் திட்டு விழும். எனக்கு ஒவ்வொரு தடவையும் விழுகிறது.